உடைத்து வைத்த குளிசைகள்

என் தம்பி ராசனுக்கு,

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். இங்கே டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிற எங்கள் ஆட்களும் வாசிக்கட்டும் என்றுதான் தமிழ்ச் சங்கத்து மலருக்குக் கொடுக்கிறேன்.

சண்டை முடிந்துவிட்டது, ராசன். நீ போய்க் கொஞ்ச நாளிலேயே முடிந்தது. வன்னி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த உன்னை, டொக்டர்மார் குறைந்த பிறகு மருந்து எழுதவும் பழக்கினார்கள். நீ எழுதும் ஒவ்வொரு மருந்துத் துண்டையும் டொக்டர் பார்த்துத்தான் விடுவார் என்று போனில் சொன்னாய். பிறகு பார்க்க ஆளில்லாமலே எழுதினாய். அப்போது பயந்தாயா? நான் கேட்கவில்லை.

இப்போது கேட்பது என் மகள் மேனகாவால். இங்கே வளர்ந்து பாமசி படித்தவள், இங்கிலாந்தில் வேலை செய்கிறாள். டென்மார்க்கில் மருந்து எழுதுவது டொக்டரின் வேலை. இங்கிலாந்தில் பாமசிக்காரரும் ஒரு டொக்டரின் கண்பார்வையில் பழகிவிட்டுத் தாங்களாகவே எழுதலாமாம். அந்தப் பயிற்சிக்கு இன்னும் நிறையப் பேரை எடுக்கப்போகிறார்கள். மேனகா முடித்தால் புதியவர்களுக்குத் துணையாக நிற்கவேண்டும். ஆனால் உன் சாவுச் செய்தி வந்ததிலிருந்து, பார்க்க ஆளில்லாமல் நீ எழுதியதை நினைத்து அவளுக்கு எழுதப் பயம். விட்டுவிடப்போகிறேன் என்றுதான் லீவில் வீட்டுக்கு வந்தாள்.

என்னை நோயாளியாக வைத்துப் பழகிப் பார் என்றேன். மனமில்லாமல் குசினி மேசையில் வந்து இருந்தாள்.

"என்ன வருத்தம், ஐயா?"

"ஒண்டுமில்லை."

"வருத்தம் இல்லாட்டி ஏன் வந்தனீங்கள்?"

"இஞ்சை தேத்தண்ணி தருவினம் எண்டு சொன்னாங்கள்."

சிரிக்காமல் பிரஷர் பார்த்தாள். கூடுதலாக இருந்தது. குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்படியென்றால் அளவைக் கூட்டவேண்டும் என்று எழுதத் தொடங்கியவள், பேனையை வைத்துவிட்டுக் குளிசைப் பெட்டியைக் கேட்டாள்.

பெட்டி நிறையப் பாதிக் குளிசைகள். உங்கள் ஆஸ்பத்திரியில் பிரஷர்க் குளிசை முடிந்துவிட்டது என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் உடைத்துப் பாதியை உனக்கென்று வைத்தேன். யாராவது போனால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வழி திறக்கவேயில்லை. நீ போன பிறகும் கை தானாக உடைத்தது. இங்கே இன்னும் எத்தனை வீடுகளில் இப்படிச் சேர்ந்து கிடக்கிறதோ.

மேனகா ஒரு பாதியை எடுத்துப் பார்த்தாள். டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள்.

"நான் கூட்டி எழுதி, நீங்களும் ஒருநாள் முழுசாப் போட்டிருந்தா, தலை சுத்தி விழுந்திருப்பியள், அப்பா."

"எழுதேல்லைத்தானே," என்றாள் உன் அண்ணி. "நிப்பாட்டிக் கேட்டனி. பிறகென்ன?"

பின்னேரம் தன்னைப் பழக்கும் டொக்டருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். பயமே இல்லாதவர்களைப் பழக்குவதுதான் தனக்குப் பெரிய பாடு, நீ திங்கட்கிழமை வேலைக்கு வா என்றாராம் அவர். வீட்டு ஆளுக்குத் தான் மருந்து எழுதக்கூடாது என்று சொல்லி, என்னை இங்குள்ள டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அளவைக் கூட்டவில்லை. உடைக்காமல் போடச் சொன்னார். பாதிகளை அப்போடெக்கில், அதுதான் இங்கத்தைய பாமசியில், திருப்பிக் கொடுத்தோம். உனக்கென்று வைத்ததை வேறு கையில் கொடுக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேனகா திரும்பிப் போய்விட்டாள். பயிற்சியை முடிப்பாள், ராசன். பிறகு புதியவர்கள் வருவார்கள், அவர்களுக்கும் பயம் இருக்கும். அவர்கள் பழகிப் பார்க்க ஒரு கிழவன் வேண்டுமென்றால் நான் போனில் இருக்கிறேன். எவர் கேட்டாலும், குளிசை போட்டேனா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னோடு கூடப்பிறந்த மூத்தவன்,
கோல்டிங்கிலிருந்து.