மெஷினுக்குக் காட்டிய சாம்பிராணி

முதலில் அந்தப் புள்ளி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏட்டி செல்வி, என் கண்ணே, மற்றதெல்லாம் பிறகு. நீ பூ விற்க உட்கார்ந்த தம்பானூர் பஸ் ஸ்டாண்டைவிட நம் கரமனை வீட்டில்தான் புள்ளி அதிகமாம்! நம்புவாயா?

உன் மகள் கவிதா இப்போது காற்றுத் தூசியைச் சோதிக்கிறாள். பதினெட்டு வருஷம் நீ பூ விற்ற மூலையில் ஒரு மெஷின். ஆற்றங்கரைக் காற்று சுத்தம், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நம் மொட்டை மாடியில் இன்னொன்று. அது காற்றை இழுத்து, வெள்ளைத் தாளில் தூசியைப் பிடிக்கும். அந்தத் தூசியை ஒரு கிருமியோடு சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். அந்தக் கிருமி ஒரு சத்து இல்லாமல் வளராதாம். அதன் பிறவிக் குணம் மாறிவிட்டால் மட்டும் சத்தில்லாமலே வளர்ந்து புள்ளியாய்த் தெரியும். புள்ளி கூடினால், உயிரின் மூலத்தையே மாற்றுகிற ஏதோ தூசியில் இருக்கிறது என்று அர்த்தம். பீடிப் புகை அண்டாத அம்மாவுக்கு நுரையீரலில் ஏன் புற்று வந்தது என்று அவள் கேட்காத ஆளில்லையே. அதற்குத்தான் இவ்வளவும்.

நேற்று முகம் வாடி வந்தாள். சுத்தமான இடமே இப்படி என்றால் ஒப்பிட்டதெல்லாம் வீணாம்.

“பெரியம்மா, மாடியில யாராவது குப்பை எரிச்சாங்களா?”

“குப்பையா? நான் தெனமும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வச்சு சாம்பிராணி காட்டுதேன்லா.”

பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்ய? உன் மகள் கைபடுகிற சாமான். சரஸ்வதி பூஜையில் புத்தகத்துக்குக் காட்டுவதில்லையா? பிறகு சிரித்தாள் பார், உன்னைப் போலவே தோளைக் குலுக்கிக்கொண்டு.

“சாரமில்ல பெரியம்மா, போகட்டும். மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

திங்கட்கிழமை முதல் மறுபடியும் சோதனை. மாடியில் தாள் மாற்றுகிற பொறுப்பு எனக்கு! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையுறை போட்டு, இடுக்கியால் எடுக்கப்போகிறேன். பிரசாதம்போல அதைப் பிடிப்பேன், போதுமா?

சோதனை முடியும்வரை பிள்ளையாருக்குக்கூடப் புகை கிடையாது, பூ மட்டும்தான். அவர் கோபிப்பாரா என்ன? தட்டு எதைச் சொன்னாலும் முதலில் உன் படத்துக்கு முன்னால் வந்து சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள், உன் மகளுக்குப் பெரியம்மா,
பகவதி

மடித்து வைக்கும்போதுதான் நினைவு வருகிறது. நான் சாம்பிராணி போடும்போதெல்லாம் நீ இருமிக்கொண்டே, “புகை எதுக்குக்கா, பூ போதாதா?” என்பாய். “பூக்காரி வியாபாரத்துக்குச் சொல்லுதா பாரு” என்று சிரித்து, நான் இன்னும் ஒரு பிடி போட்டேன்.