தையலுக்கு விடாத துணி

பெங்களூர், 9.3.1987

அத்தாவுக்கு வஹிதாவின் ஸலாம். உங்கள் இருமல் தேவலையா?

டைப்பிஸ்டுகள் எங்கள் மூவரில் ஒருவரைத்தான் கம்ப்யூட்டர் அறைக்கு எடுப்பார்களாம். மேனேஜரே இன்று காலை சொன்னார்.

பயிற்சிக்காக, மார்பளவைக் கொடுத்தால் சட்டைக்கான துணியின் அகலம் சொல்லும் புரோகிராம் எழுதினேன். அது மார்பளவையே திருப்பிக் காட்டியது. பக்கத்து மேசை செல்லம்மாள், ஏரியூர்க்காரி, சிரித்துவிட்டாள். “ஏங்க வஹிதா, இந்தச் சட்டையப் போட்டா மூச்சு வுட முடியாதுங்க!”

தையலுக்கும் தளர்வுக்கும் விடும் துணியை நான் எழுதவே இல்லை. நம் தையற்கடையில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. கை தானாக விடும். கம்ப்யூட்டருக்குச் சொல்லாதது தெரியாது. அதனால் இப்போது ஒவ்வொரு வரியையும் முதலில் காகிதத்தில், நானே அந்த இயந்திரம் போல, செய்து பார்க்கிறேன். கண்ணை மூடினால் கம்ப்யூட்டர் திரையின் பச்சை எழுத்துகள் மிதக்கின்றன. நடுவே உங்கள் கத்தரிச் சத்தம்.

ஒரு ரவிக்கை வெட்டும்போது நீங்கள் செய்வதை எல்லாம், அற்பமானதையும் விடாமல், எழுதி அனுப்புங்கள். நீளமாகவே எழுதுங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். யாரை எடுத்தார்கள் என்பது இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை தெரியும்.

வஹிதா