குண்டுவின் கிண்ணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்றாவதாக ஒரு ஜீவனை எங்களிடம் விட்டுப் போனாயே, அதற்குத்தான் சரியில்லை. நீ கேட்கும்போதெல்லாம் குண்டு நன்றாக இருக்கிறது, வாலை ஆட்டுகிறது என்று போனில் சொன்னேன், அதில் வாலை ஆட்டியது மட்டும்தான் உண்மை. போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்றை இப்போது சொல்லவேண்டும். என் கையெழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் படி.

நீ கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் மழையில் நனைந்து கிடந்தது என்று அதைத் துப்பட்டாவில் சுருட்டிக் கொண்டுவந்தாய், நாய் உள்ளே வந்தால் நான் பேக்கரியிலேயே படுத்துக்கொள்வேன் என்று நான் குதித்தேன். நீ சிரித்துக்கொண்டே அதன் வயிற்றைத் தட்டி குண்டு என்று பேர் வைத்தாய். இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை அம்மாடி, ஐந்து மாதக் குட்டிக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. உனக்கு ஒன்று தெரியாது, நீ போன பிறகு உன் அம்மா உன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பகலெல்லாம் படுத்தே கிடந்தாள், அவள் புடவை நுனியைக் கடித்து இழுத்து எழுப்பி உட்கார வைத்தது இந்தக் குட்டிதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

முதலில் வெறும் பேதிதான், பல் முளைக்கும் வயசு என்று விட்டுவிட்டோம். பிறகு வாந்தி, வயிற்றுத் தோல் சிவந்து போனது, ஓயாமல் பாதத்தை நக்கிக்கொண்டும் காதைச் சொறிந்துகொண்டும் இருந்தது, ஒருநாள் மலத்தில் ரத்தம். கால்நடை டாக்டர் அம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார், பூச்சியும் இல்லை, குட்டிகளைக் கொண்டுபோகும் அந்தக் கிருமியும் இல்லை. ஏதோ சாப்பாடு ஒத்துக்கல போலிருக்கு, எட்டு வாரம் அவிச்ச மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும் குடுங்க, நடுவுல ஒரு பிஸ்கட் துண்டு உள்ள போனாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும் என்றார், தினமும் என்ன கொடுத்தோம், வயிறு எப்படிப் போனது என்று ஒரு நோட்டில் எழுதவும் சொன்னார்.

விடுவேனா நான், முப்பது வருஷமாக மாவு பிசைகிறவன், ஒரு பிடி உப்பு கூடினாலும் கண்டுபிடிக்கிறவன். தராசில் நிறுத்துத்தான் கிண்ணத்தில் போட்டேன், குப்பைக் கூடையைப் பரண்மேல் ஏற்றினேன், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியாக ரஸ்க் போடுவாரே, அவரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்படியும் தேறவில்லை. அப்போதுதான் பேக்கரியில் அடுப்பு வெடிப்பு விட்டு மூன்று நாள் கடையை மூடினார்கள், நான் வீட்டிலேயே இருந்தேன், மூன்று நாளும் குட்டிக்கு வயிறு கட்டிப் போனது, துள்ளி விளையாடியது. நாலாம் நாள் விடிகாலை வேலைக்குப் போனேன், மதியம் வந்தேன், சாயங்காலமே பழைய குருடி கதையாகத் தரையெல்லாம் பேதி. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு வாரமும் அப்படியேதான் இருந்தது, எனக்கு விடுமுறை என்றால் அதற்கு நல்ல நாள், நான் வேலைக்குப் போனால் கெட்ட நாள். நான் கண்வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, நான் இல்லாதபோது யாரோ எதையோ கொடுக்கிறார்கள், நான் இல்லாதபோது வீட்டில் இருப்பது யார் என்று என் மூளை போனது.

உன் அம்மாவைக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவது தப்பு, கத்தினேன். அது பாவமா பாக்குதுன்னு நீதான் பால் ரொட்டி ஏதாவது குடுத்திருப்ப, உன் இரக்கத்தாலதான் அது சாகப்போகுது என்றேன். சத்தியமா நான் ஒண்ணுமே குடுக்கலைங்க என்றாள், ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் நம்பவில்லை. மறுநாள் அவளுக்கு வேண்டியதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சமையலறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன் கண்ணு, இருபத்தெட்டு வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டவளை. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை, குட்டியையும் மடியில் எடுப்பதில்லை, அது காலைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அது எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுந்தது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அம்மா மேஜையில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கக்கூட வலுவில்லாத குட்டி நாக்கை மட்டும் நீட்டி என் முழங்கையை நக்கியது. அவர் ஊசியைப் பிடித்தபடியே என் கையைப் பார்த்தார். அது என்ன கையில என்று கேட்டார். பன் மாவு, முடியில காஞ்சு ஒட்டிக்கிச்சு என்றேன். அதுல என்னென்ன சேர்ப்பீங்க என்றார். மைதா, முட்டை, பால் பவுடர், வெண்ணெய் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், வெண்ணெயோடு நிறுத்திக் கையை அதன் நாக்கிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, நான் பேக்கரியில் கையை ஒப்புக்குத் தண்ணீரில் காட்டிவிட்டு வந்துவிடுவேன், வீட்டில்தான் தேய்த்துக் கழுவுவேன். குட்டி வந்ததிலிருந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து இரண்டு கையையும் நக்கிச் சுத்தம் பண்ணிவிடும், சோப்பு மிச்சம் என்று நானும் பெருமையாகக் காட்டிக்கொண்டு நிற்பேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் ஏப்ரன் நுனியையும் சப்பிக்கொண்டு கிடக்கும், அப்பன் வாசனைக்கு ஏங்குகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டர் அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நோட்டைப் புரட்டி, கிண்ணத்துல போட்டதை மட்டும்தான் எழுதியிருக்கீங்க என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மைதாவா முட்டையா பாலா எது என்று இன்னும் தெரியாது, குட்டி தேறி நின்ற பிறகுதான் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கமுடியும், தேறும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது, குடல் ரொம்பப் புண்ணாகிவிட்டது என்றார். இப்போது நான் பேக்கரிக் குழாயடியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, ஏப்ரனை அங்கேயே போட்டுவிட்டு வருகிறேன். அப்படியும் அதைத் தொடப் பயமாக இருக்கிறது. கேட் சத்தம் கேட்டால் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறது, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கிப் போகிறேன், அதற்கு என்ன தெரியும், அப்பாவுக்கு நம்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்கிறது. இந்த வயசில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், நீயே சொல், நான் என்னதான் செய்வது. போனில் உன் குரல் கேட்டால் காதை நிமிர்த்தும், தினமும் ஒரு நிமிஷமாவது அதனிடம் பேசு, சாப்பிடச் சொல்லு.

உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சமையலறையைத் திறந்துவிட்டுச் சாவியை அலமாரியில் வைத்துவிட்டேன், அவள் அதை எடுக்கவே இல்லை. சொல்லலாம் என்று பக்கத்தில் போனால், வேண்டியதைத் தட்டில் வைத்துவிட்டு அவள் எழுந்து போய்விடுகிறாள். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவு எழுதிய பிறகு அதுவும் கேவலமாக இருக்கிறது, நான் கத்தியதற்கு நீயா போய்ப் பதில் சொல்வாய். அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன், உன் விலாசத்தை எப்போதும் அவள்தானே எழுதுவாள், கவரை ஒட்டாமல் கடிதத்தோடு அவள் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணமாக எதிரிலேயே நிற்கப்போகிறேன்.

மாப்பிள்ளையின் முதுகு வலியை அலட்சியம் செய்யவேண்டாம் என்று சொல். நீ காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாயாம், அதை முதலில் நிறுத்து. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க மனசார வாழ்த்துகிறேன். மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் கவரைத் திருப்பி விலாசத்தைப் பார். அம்மாவின் முத்து முத்தான எழுத்தாக இருந்தால் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள். என் கிறுக்கலாக இருந்தால் கடைசி நேரத்தில் உன் அப்பனுக்குத் தைரியம் வரவில்லை என்று அர்த்தம், அப்போது எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு, அவள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா