வெயிலில் வைத்த பலகைகள்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு வேனின் உடைந்த பம்பருக்கு ஃபைபர் ஒட்டினார்கள். அந்த ரெசின் பசையின் வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தின் வாசனையை விரட்டிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். நான் கதவை இன்னும் அகலத் திறந்து வைத்து வாசலில் நின்றேன். இந்த நாற்றத்துக்கு இப்படி ஒரு ஆள் நிற்பாளா என்று அந்த வேன் பையன் என்னையே பார்த்தான். "அந்த நாத்தந்தானுங்க அம்மணி நமக்குச் சோறு போடுது" என்று நீங்கள் சொல்வீர்கள். சோறு போட்டதோ இல்லையோ, இன்று ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சிங்காநல்லூரில் நாம் எடுத்த அந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இப்போது பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மில்லின் சாயப் பரிசோதனை அறையில் பதினோரு பேருக்குக் கீழே கைகட்டி நின்றது போதும் என்று நான் வந்தேன். பஸ் கூடு கட்டும் பட்டறையில் ஃபைபர் சீட் ஒட்டியது போதும் என்று நீங்கள் வந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்து வந்து கூப்பிட்டார். நீங்கள் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அண்ணன் ஊட்டுல சோத்துக்குக் கொறையில்லீங்க அம்மணி. ஆனா அங்க நான் வெறும் தங்கச்சி. இங்க நான் ஒரு ஆளுங்க" என்றீர்கள். உங்களைவிட நான் இரண்டு வயது சின்னவள். என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை. ஃபைபரில் மூடியும் தொட்டியும் வாஷ்பேசினும் செய்து நாம் இரண்டு பேரும் இரண்டு ஆளாக இருந்தோம்.

அப்புறம் ஏரிக்காரர் வந்தார். ஓர் ஏரியில் படகுச் சவாரி நடத்த ஏலம் எடுத்திருந்தவர். வேறு ஊரிலிருந்து வாங்கிய மிதிபடகுகள் இரண்டே கோடையில் பல்லிளித்துவிட்டன என்று புலம்பினார். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கமெல்லாம் வெள்ளை மாவு. அதற்கடியில் நார் நீட்டிக்கொண்டு, ஏறுகிற குழந்தைகளுக்கு எல்லாம் அரிப்பு. படகைக் கெடுப்பது தண்ணீர் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். வெயில்தான் என்று நான் சொன்னேன். முதலில் மினுமினுப்பு போகும், பிறகு மேல்பூச்சு மாவாகும், கடைசியில் உள்ளே இருக்கும் நார் வெளியே எட்டிப்பார்க்கும். எந்த ரெசின், எந்த நிறம், எந்தப் பூச்சு நம்மூர் வெயிலுக்கு நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. டப்பாவில் ஒட்டியிருந்த காகிதமோ எந்தக் குளிர்தேசத்துக்கோ எழுதியது. "அடுத்த கோடை வரைக்கும் பொறுக்கறனுங்க. ஒரு வருசம் வெயில்ல வெச்சுக் காட்டுங்க. எது நிக்குதோ அதுலயே அத்தனை படகும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிப் போனார்.

அந்த வேலை வந்தால் கொட்டகை நிலைக்கும். வராவிட்டால் உங்கள் அண்ணன் வேனோடு வந்துவிடுவார். இது நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை.

மாதிரிப் பலகைகள் வார்த்தோம். வெள்ளையில் கொஞ்சம் சாம்பல் கலந்த மேல்பூச்சு ஒன்று, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. நீங்கள் பார்த்ததும் மயிலை, செவலை, காரி என்று மாட்டு நிறங்களையே பெயராக வைத்துவிட்டீர்கள். காங்கேயம் மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போய் வளர்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும். நிறமே கலக்காமல் எபாக்சி ரெசின் மட்டும் ஊற்றி, மேலே வார்னிஷ் அடித்த பலகை ஒன்று மிச்சமிருந்தது. அது தேன்போலப் பளபளத்தது. அதற்குப் பெயர் கேட்டேன். "அது கன்னுக்குட்டிங்க. பொறக்கறப்ப ஒரு நெறம், வளந்தா ஒரு நெறம். இப்பவே எப்படிச் சொல்றது?" என்றீர்கள். எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும் என்று நான் புத்தகத்தில் படித்துச் சொன்னதை நீங்கள் இப்படி மாற்றிக்கொண்டீர்கள். நான் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

நாம் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில், தெற்குப் பார்த்த சாய்வில் அவற்றை வைத்தோம். கீழே இருந்த வீட்டுக்கார அம்மா, என்ன இது என்று கேட்டார். அங்கேதான் நம் வாய் நம்மைக் கவிழ்த்தது. "காயப் போட்டிருக்கறோமுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டோம். அடுத்த நாளும் போனோம். வருஷம் முழுக்க விடிந்ததும் போய், பொழுது சாய்ந்து திரும்பினோம்.

அந்த வருஷத்தில் நாம் சந்தோஷமாக இருந்தோம் அக்கா. அச்சு செய்து, மாதிரிக்கு ஒரே ஒரு மிதிபடகை முடித்து, சிங்காநல்லூர்க் குளத்துக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோமே, ஞாபகம் இருக்கிறதா? நமக்கு நீச்சல் தெரியாது. கரையில் ஆடு மேய்த்தவர் வேடிக்கை பார்க்க, நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தீர்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, நின்றது. "அம்மணி, மொதக்குதுங்க! ஏறுங்க!" என்று கத்தினீர்கள். நான் ஏறவில்லை. பயம். நீங்கள் தனியாக மிதித்துக்கொண்டு ஆகாயத்தாமரை வரைக்கும் போய்த் திரும்பினீர்கள். அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் உங்கள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

கோடை வந்தது. பலகைகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தோம். மாவே இல்லை. செவலை அப்படியே சிவப்பு, காரி அப்படியே கறுப்பு. கன்னுக்குட்டிகூட நிறம் மாறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வருவதாகச் சொன்ன அன்று காலை, வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து பலகைகளைப் பெருமையாகப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருச்சுங்களா? நான் மட்டும் இல்லீன்னா கெட்டுப் போயிருக்குமுங்க. மேகம் கட்டுனா எடுத்து உள்ள வெச்சுருவேன். வெயில் ஏறுச்சுன்னா நெறம் வெளுத்துப் போயிருமுன்னு தெனமும் சாக்குப் போட்டு மூடிருவேன். நீங்க வாரதுக்குள்ள எடுத்தாந்து அப்படியே வெச்சுருவனுங்க."

அவரை என்ன சொல்ல முடியும்? மாடியில் காயப்போட்டதை மழையில் நனையவிடும் பெண் நம் பக்கத்தில் உண்டா? வடகத்துக்குச் செய்ததை நம் பலகைக்கும் செய்திருக்கிறார். "சோதனைக்கு வைத்திருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீங்களோ அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க" என்றீர்கள். அவர் கீழே போன பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

மத்தியானம் ஏரிக்காரர் வந்தார். பலகைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "இதை நம்பாதீங்க. இது நெழல்ல இருந்த பலகைங்க. வெயிலே படாததை வெச்சுக்கிட்டு நாங்க என்னன்னு சொல்றது? இன்னொரு வருசம் குடுங்க." அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கோடை விடுமுறை காத்திருக்காது. மாதிரிப் படகை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வேறு இடத்தில் சொல்லிவிட்டார். அவர் போனதும் உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். "கொழந்தைங்க ஏறற படகுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

வைகாசியில் உங்கள் அண்ணனின் வேன் வந்தது. சாமான் ஏற்றும்போது, "புதுசா நாலு பலகை வார்த்து வெச்சிருக்கறனுங்க அம்மணி. ஒரு வருசம் நல்லா வெயில்ல போடுங்க. தேறுச்சுன்னா வந்தர்றேன். மறுபடியும் கொட்டகை புடிச்சரலாம்" என்றீர்கள். நடந்தது எப்படியோ காதில் விழுந்து, வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டே நின்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பலகைகளின் பக்கம் போகவே இல்லை. மழை வந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதுகளுக்காகத் தவிப்பார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் நீங்கள் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதே இல்லை. "மயிலை எப்படீங்க?" என்பீர்கள். தாங்குகிறது என்பேன். செவலை செங்கல் நிறத்துக்கு வெளிறியது. காரியில் சாம்பல் பூத்து, தேய்த்தால் விரலெல்லாம் அப்பியது. கன்னுக்குட்டி ஒரு கோடை பளபளப்பாக இருந்துவிட்டு, அடுத்த கோடையில் வார்னிஷ் வெங்காயச் சருகாக உரிந்தது, அடியில் பழைய நெய்யின் நிறம். உரிந்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வார்னிஷ் அடித்தால் இன்னொரு கோடை தாக்குப்பிடித்தது. வருஷா வருஷம் பூசினால்தான் அது பிழைக்கும் என்று தெரிந்துகொண்டோம். மயிலை மட்டும் மினுமினுப்பு குறைந்தாலும் உடம்பு கெடாமல் நின்றது. படகு செய்தால் மயிலையில்தான் செய்ய வேண்டும். விடை கிடைத்துவிட்டது.

முதல் வருஷ முடிவிலேயே அதைச் சொன்னேன். போனில் உங்களுக்குப் பின்னால் யாரோ இருமுகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. உங்கள் அண்ணி படுக்கையில் விழுந்துவிட்டதாக அதற்கு முந்தைய வாரம் சொல்லியிருந்தீர்கள். "ஒரு கோடையெ வெச்சு என்னங்க சொல்றது? இன்னொரு கோடை பாத்தர்லாமுங்க" என்றீர்கள். சரி என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னீர்கள். அதற்கடுத்த வருஷமும். நீங்கள் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க நமக்குப் பலகைகள் இருந்தன. பூத்தில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முறைப்பார்கள். மற்ற ஆறு நாளும் எனக்கு யாரோடும் பேச ஒன்றும் இருக்காது. அந்த ஏழாம் நாளுக்காகவே மாடி ஏறி, பலகையைப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று தேடுவேன்.

போன ஆடியில் உங்கள் அண்ணனே பூத்துக்குப் போன் செய்து எனக்குச் சொல்லி அனுப்பினார். நீங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றார்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தது. உங்கள் ஊரில் குளம் என்று எழுதியிருந்த இடத்தில் வேலமரம்தான் நின்றது. நீங்கள் படகு மிதித்தவர் என்று அந்த மண்ணைப் பார்த்து நினைத்துக்கொள்ளவே முடியவில்லை. உங்களைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அண்ணன் பேத்தி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே கோயமுத்தூர்ல மாடு வெச்சிருக்கற அம்மா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஞாயித்துக்கெழமையானா அப்பத்தா உங்ககிட்டத்தானுங்களே பேசும். மயிலை தாங்குதா, செவலை எப்படி இருக்குதுன்னு. வேற யாருகிட்டயும் அப்படிப் பேசாதுங்க. போன் அடிக்கறதுக்கு முன்னாலயே தலை சீவிக்கிட்டு வந்து உக்காந்துக்கும். கன்னுக்குட்டிக்குத் தோல் உரியுதுன்னு சொல்லுச்சுங்க. இப்பத் தேவலீங்களா?"

அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருஷமும் அந்த வீட்டில் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. கொட்டகை, ரெசின், ஏரி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வீட்டு வாசலோடு வந்து திரும்பிய உங்கள் அண்ணனுக்கே, ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்பதோடு சரி. மாடு என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டதை நீங்கள் திருத்தவும் இல்லை. 'உங்க அப்பத்தா படகு செஞ்சவங்க கண்ணு' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வீட்டில் உங்களுக்கென்று நீங்கள் வைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதை எடுத்துப் பந்திக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"தேவலை கண்ணு. நல்லா இருக்குது" என்றேன்.

"மயிலை எவ்வளவுங்க பால் கறக்குது?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் அழுதேன் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்தபோதுகூட வராத அழுகை. பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் படகு செய்தவர், தனியாக மிதித்துக்கொண்டு குளத்து நடுவுக்குப் போனவர் என்பது இனி எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உங்கள்
அம்மணி