வார்டுக் கணினியை அக்கா என்கிறார்கள்

என் வசந்தி அக்காவுக்கு,

1996 மார்ச் 14, வியாழன், காலை பத்தரை மணி. அடையாறில் நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் வார்டுக் கணினியில் உன் கேள்விகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. எண்ணிவிட்டேன். வயிறு எரிகிறது.

என் நண்பன் முரளி எழுதிய புரோகிராம் அது. நோயாளியின் நிலையைத் தட்டினால், ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, அடுத்து என்ன செய்வது என்று நர்ஸுக்குச் சொல்லும். செயற்கை அறிவு என்று பீற்றிக்கொள்வான். அறிவு உன்னுடையது. மூன்று மாதம் ட்யூட்டி முடிந்து அவனோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். நானும் தி.நகரில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன்தானே? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அபிராமபுரத்து வீட்டுக்கு வந்ததும், "தலை வலிக்குதுடா" என்று படுத்துவிடுவாய்.

நீ இறந்துபோனாய். முரளி அமெரிக்கா போய்விட்டான். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு, "அந்தம்மா கேள்வியெல்லாம் தூக்கிடுப்பா. டெம்பரேச்சர், பிரஷர், பல்ஸ் போதும். நேரம் வீணாகுது" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். எனக்குக் கிடைக்காதது அந்தப் பெட்டிக்கு மட்டும் எதற்கு?

இன்று காலை அழிக்க உட்கார்ந்தேன். செல்வி சிஸ்டர் வந்தார். "கொஞ்சம் நவுரு தம்பி. அக்காவாண்ட ஒண்ணு கேக்கணும்."

"அது அக்கா இல்ல சிஸ்டர். புரோகிராம்."

"உனுக்கு மட்டுந்தான் அக்காவா, நைனா?"

இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் ஒரு பெரியவரின் அளவுகளைத் தட்டினார். எல்லாம் சரி. ஆனாலும் திரை விடவில்லை, இன்னொரு கேள்வி கேட்டது. ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: "குதிகாலைத் தூக்கிப் பாத்தியா?"

"தோ போறேன்க்கா" என்று திரைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார். நானும் பின்னால் போனேன். குதிகால் சிவந்திருந்தது. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டார். பெரியவர் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

கணினிக்குத் திரும்பினேன். முகப்பில் முரளி பெரிய எழுத்தில் 'அக்கா' என்று பெயர் போட்டிருக்கிறான். அவனுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

சொல்கிறேன், கேட்டுக்கொள். செய்யப்போவது இதுதான்:

1. டாக்டரை அந்தக் கட்டிலுக்கே கூட்டிப்போய்க் குதிகாலைக் காட்டுவேன்.
2. உன் கேள்வியில் ஒன்றுகூட அழியாது. வேலை போனாலும் சரி.
3. முகப்பில் இருக்கும் 'அக்கா'வை இன்றைக்கே எடுத்துவிடுவேன். சிஸ்டர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தெரியும். கூப்பிடட்டும். அந்தப் பெயரை நான் விட்டுக்கொடுத்ததாக இருக்கக் கூடாது.

உன் ஒரே தம்பி,
சேகர்