லிஃப்ட் மாமாவின் டீம்

ஜூன் 3, செவ்வாய்

அப்பா இன்று ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

"நீ கையில வச்சு ஆடுவியே, அதுல சின்னப் பசங்க ஆடுற கேம் எதாச்சும் இருக்கா?"

இத்தனை வருஷமாக அதைக் 'கண்ணைக் கெடுக்கிற டப்பா' என்று சொல்லிவந்த மனிதர். வேலை லிஃப்ட் ரிப்பேர், பொழுதுபோக்கு தூக்கம். யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான். எனக்கும் சின்னப்பிள்ளை மூளைதானே" என்றார்.

பத்து வயதில் நான் ஆடிய ஜப்பான் பாணி கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். நான்கு பேர் கொண்ட டீம். ஊர் ஊராகப் போகலாம், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் பேசலாம், வழியில் வரும் பூதங்களோடு முறை வைத்து அடித்துக்கொள்ளலாம். தோற்றால் திட்டாது. சத்திரத்தில் படுக்க வைத்து எழுப்பிவிடும். முதன்முதலாக இந்த மாதிரி ஆட வருகிறவர்களுக்கென்றே செய்தது.

அப்பா சும்மா எதையும் கேட்கிற ஆளில்லை.

ஜூன் 5, வியாழன்

முதல் சண்டை. பச்சை ஜெல்லி ஒன்று குதித்து வந்தது. அப்பா கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"இப்ப உங்க முறைப்பா. நீங்க எதாச்சும் செஞ்சாத்தான் அது அடிக்கும்."

"நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்குமா?"

"ஆமா."

"தங்கமான எதிரி! எங்க சூப்பர்வைசருக்கு இதுல பாதி பொறுமை இருந்தா நான் எப்பவோ முன்னேறியிருப்பேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. எதற்குக் கற்றுக்கொள்கிறார் என்று அதற்கு முன்னால் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. சிரிக்க வைத்துக் கழன்றுகொள்வது அவருடைய பழைய வித்தை.

ஜூன் 10, செவ்வாய்

அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. வயிற்றில் எதுவும் தங்காது அவளுக்கு. "உங்கப்பா உன்கிட்ட எதாச்சும் சொன்னானா?" என்றாள். எதைப் பற்றி என்றேன். "ஒண்ணுமில்ல, மழை வர மாதிரி இருக்கு, துணியை எடு" என்று வைத்துவிட்டாள்.

வெளியே வெயில் கொளுத்துகிறது.

ஜூன் 14, சனி

கேமை வேலைக்கே எடுத்துப் போய்விட்டார். லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பூதத்தை அடிக்கப் போகிறாரோ?

ஜூன் 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன். முழுசாக இல்லை, வால் மட்டும்.

அப்பா இன்னும் முதல் காட்டையே தாண்டவில்லை. குணமாக்கும் பெண்ணையும் அடிக்க அனுப்புகிறார், அவள் விழுந்ததும் "ஐயோ பாவம்" என்கிறார். அப்படிப்பட்டவர் இன்று காலை சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்கிறார்: "பனிக்குகையில ஒரு ஆமை இருக்குமாமே, அதை அடிக்காம விட்டா நம்ம கூடவே வந்துடுமாமே?"

பனிக்குகை மூன்றாவது அத்தியாயம். 'இருக்குமாமே', 'வந்துடுமாமே' என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? லிஃப்ட் கம்பெனியில் இருப்பவர்கள் எல்லாம் மீசைக்காரர்கள்.

ஜூன் 20, வெள்ளி

புதுக் கண்ணாடி. எழுத்து சின்னதாக இருக்கிறதாம். சரி. ஆனால் மூக்கில் அழுத்துகிறது என்று ஒரு தடவை, காது பக்கம் தளர்வு என்று ஒரு தடவை அதே கடைக்குப் போய் வந்தார். இன்று மூன்றாவது தடவை, துடைக்கிற துணி வாங்க.

கண்ணில் ஏதாவது பெரிய கோளாறா? மறைக்கிறாரா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதும் இப்படித்தான், 'சும்மா டெஸ்ட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் என்னிடம் சும்மா சும்மா என்றே சொல்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

அவர் குளிக்கப் போனதும் கேமைத் திறந்தேன். எத்தனை லெவல் என்று பார்க்கத்தான். உண்மையாகவே அதற்குத்தான்.

இரண்டு சேவ் இருந்தது, பாதியில் சேமித்து வைத்த இரண்டு ஆட்டம். முதலாவது அப்பாவுடையது, அதே காட்டில் தத்தளிக்கிறது. இரண்டாவது எரிமலை வரை போயிருக்கிறது. நல்ல கை. மருந்தெல்லாம் சிக்கனம், கவசமெல்லாம் சரி. டீமில் மூன்று பேருக்குப் பெயர் வைத்திருந்தது. சுண்டு. அம்மா. லிஃப்ட் மாமா.

நாலாவது இடம் காலி.

லிஃப்ட் மாமா! யாருக்கு மாமா இவர்? யார் அந்த அம்மா? ஆமை, கண்ணாடி, அத்தை, எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோச்சு. நான் என்ன முட்டாளா, இவருக்கு உட்கார்ந்து பாடம் எடுத்திருக்கேன்!

ஜூன் 23, திங்கள்

கேட்டேன். "சுண்டுன்னா யாரு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சுற்றி வளைக்கவில்லை.

கண்ணாடிக்கடை இருக்கும் கட்டடத்தில் ஒரு நாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே எட்டு வயதுப் பெண், தனியாக. கடைக்கார அம்மாவின் மகள். அந்த அம்மாவும் தனி ஆள்தான். புருஷன் விட்டுப் போய் ரொம்ப நாள். மேலே மோட்டாரைச் சரிசெய்ய இன்னொருவர் ஓட, அப்பா கதவுக்கு வெளியே நின்று அவளை அழவிடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கையில என்ன இருக்குன்னு கேட்டேன். கேமுன்னா. அந்தக் கதையைச் சொல்லுன்னேன். ஊதா முடிக்காரி, ஆமை, எரிமலைன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கு ஒரு எழவும் புரியல. அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு மட்டும் கேட்டுக்கிட்டிருந்தேன். வெளிய வந்ததும் 'நீங்களும் ஆடுவீங்களா'ன்னா. அந்த முகத்தைப் பாத்து இல்லேன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னுட்டேன். அடுத்த தடவை போனப்ப பரீட்சை வச்சுட்டா."

அதனால்தான் என்னிடம் படிக்க வந்தாராம். தேறவில்லை. 'உங்க டீம் வேஸ்ட், நான் புதுசா ஆரம்பிச்சுத் தரேன்' என்று அவளே அந்த இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினாளாம். சனிக்கிழமைதோறும் கடையில் சேர்ந்து ஆடுகிறார்களாம்.

"பொண்ணுக்காகப் போனீங்களா, அம்மாவுக்காகப் போனீங்களா?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "முதல்ல பொண்ணுக்காக" என்றார்.

ஜூன் 25, புதன்

சுண்டுவின் ஆட்டத்தை, அந்த இரண்டாவது சேவ், அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேம் கேட்டது. ஆம். மறுபடி கேட்டது. ஆம்.

மனசு லேசாகும் என்று நினைத்தேன்.

ஜூன் 28, சனி

கேமை எடுத்துக்கொண்டு போனார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கத்துவார் என்று தயாராக, பதிலெல்லாம் கோர்த்து வைத்துக் காத்திருந்தேன். கேமை மேசைமேல் வைத்தார். "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

ஏன் கத்தவில்லை? இதில் என்ன சூது?

ஜூன் 29, ஞாயிறு

அத்தையிடமிருந்து வந்தது விஷயம். "உங்கப்பன் கை தவறி எதையோ அழிச்சிட்டானாமே. அந்தக் குட்டி அழுது தீர்த்துட்டாளாம். இவன்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாளாம்."

கை தவறி.

நேராகப் போய் நின்றேன். ஏன் நீங்கள் அழித்ததாகச் சொன்னீர்கள்?

"நீ அழிச்சேன்னு சொன்னா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க முடியாம போயிடும். என்மேல கோவப்பட்டா நான் சமாளிச்சுக்குவேன்."

நாளைக்காம். எல்லாம் தீர்மானித்து வைத்திருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் நேற்று அவர் சாப்பிடாமல் படுத்ததும் ஞாபகம் வந்தது. எதை நம்புவது?

ஜூலை 5, சனி

அப்பாவிடம் சொல்லாமல் கடைக்குப் போனேன்.

அந்த அம்மா கவுன்ட்டரில் ஒரு ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தார். குழைந்து பேசுவார், கன்னத்தைத் தொடுவார், அதை வைத்தே வெறுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவர் பொண்ணா? போட்டோவுல பாத்திருக்கேன். சுண்டுகிட்டதானே பேசணும்? உள்ள இருக்கா. நான் நடுவுல வரல" என்று திரும்ப ஸ்க்ரூவுக்குக் குனிந்துவிட்டார்.

கண் பரிசோதிக்கும் அறையில் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள் சுண்டு. பெயருக்கேற்ற அளவுதான்.

"உங்க ஆட்டத்தை அழிச்சது உங்க லிஃப்ட் மாமா இல்ல. நான்தான்."

"ஏன்?"

"கோவம்."

"எங்கம்மா மேலயா? என் மேலயா?"

எட்டு வயது! "தெரியல" என்றேன். அதுதான் உண்மை.

"நாங்க எரிமலை வரைக்கும் போயிட்டோம்" என்றாள். உதடு துடித்தது. நான் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எரிமலை பாஸை, அந்தப் பெரிய பூதத்தை, எப்படி ஜெயிக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லாதீங்க."

ஜூலை 20, ஞாயிறு

இருவரும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா என் கண்ணைப் பார்க்காமல் மூன்று தடவை மேசையைத் துடைத்தார்.

சுண்டு புதிதாக ஓர் ஆட்டம் ஆரம்பித்தாள். டீமில் நாலாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டாள். பெரிய மனசு என்று நினைத்தால், "டீம்ல நீங்க திருடி. அந்த வேஷம்தான் உங்களுக்குக் கரெக்டா இருக்கும்" என்றாள். அவள் அம்மா அதட்ட வாயெடுத்தார். அப்பா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போனார்.

எங்கே போனாலும் கேமைக் கையோடு எடுத்துப் போகிறாள். தண்ணீர் குடிக்க. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க. பாத்ரூமுக்குக்கூட. உள்ளிருந்து சண்டை இசை கேட்டது.

இத்தனை நாள் இந்த வீட்டில் சந்தேகப்பட்டவள் நான். இப்போது அவள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு அறை போதாது என்று அப்பாவும் அந்த அம்மாவும் வீடு பார்க்கப் போனார்கள். கூப்பிட்டார்கள், நாங்கள் போகவில்லை. எரிமலை வாசலுக்கு வந்திருந்தோம்.

பாஸ் நாங்கள் நினைத்ததைவிட முரடு. அப்பாவின் ஆள் முதலிலேயே விழுந்தான், வழக்கம்போல. சண்டை நடுவில் கதவு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டார் பற்றிக் கேட்க. நான் எழுவதற்குள் சுண்டு ஓடினாள். போகிறபோக்கில் கேமை என் மடியில் போட்டாள். "என் முறை வந்தா நீங்களே அடிச்சுடுங்க."

அவள் ஆளுக்கு உயிர் கொஞ்சம்தான் இருந்தது. என் ஆள், அந்தத் திருடி, கையிலிருந்த கடைசி மருந்துப் புட்டியை அவளுக்குக் கொடுத்தாள். அடுத்த அடியில் திருடி செத்தாள்.

சுண்டு திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"கடைசிப் புட்டியைப் போய் எனக்கு வீணாக்கிட்டியே! உனக்கு ஊத்திக்கிட்டிருக்கலாம்ல? லூசு அக்கா!"

இதுநாள்வரை நீங்க, வாங்க, போங்கதான். நான் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.