அலமாரியில் வைத்த பால் டின்

9-8-1983, செவ்வாய்

இந்த வாரம் வீட்டில் இரண்டு கைக்குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கு. ஓரகத்தி மேரியின் மகளுக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது. என் மகன் மூன்று நாளாகத் துவண்டு கிடக்கிறான். இன்று ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். துணைக்கு மேரியும் வந்தாள்.

"தாய்ப்பால்ல நோயை எதிர்க்கிற சக்தி இருக்கும்மா. டின் பால்ல அது ஏது?" என்றார் டாக்டரம்மா.

மேரி சிரித்திருந்தால் அங்கேயே திட்டியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

பிள்ளை பிறந்த மாதமே அண்ணன் வாங்கித் தந்த மாவுப்பால் டின்னை, அவள் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தவள் நான். அவள் அதை ஏக்கமாகப் பார்த்ததை ரசித்தவளும் நான்தான். புட்டி பழகியபின் எனக்குப் பால் வற்றிவிட்டது.

சாயங்காலம் மேரி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குப் பால் நெறைய கீது. புள்ளைக்கு ஒரு வாட்டி குடுக்கட்டுமா?"

"தூங்கினு இருக்கான்" என்று கதவைச் சாத்தினேன்.

அவன் தூங்கவில்லை. அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்துகொண்டிருந்தான்.